சரக்கும் தேதியும்: மளிகைக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைக் கடைகளில் சரக்கு இறக்குவது, அடுக்குவது, ஆர்டர் போடுவது என்று பல வருடம் ஓட்டிவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், சொந்தமாகக் கடை போட்டவர்கள், சில சமயம் சாமான் வாங்க வந்தவர்கள்கூட, காலாவதித் தேதி பற்றி அதே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நின்று விளக்குவதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசுகின்றன.

பெஸ்ட் பிஃபோர், யூஸ் பை, எக்ஸ்பைரி, எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பெஸ்ட் பிஃபோர் என்பது தரத்தைப் பற்றிய பேச்சு. அந்தத் தேதி வரை சுவை, மணம், மொறுமொறுப்பு எல்லாம் தான் சொன்னபடி இருக்கும் என்று தயாரித்தவர் தரும் உறுதி. யூஸ் பை, எக்ஸ்பைரி இரண்டும் பாதுகாப்பைப் பற்றியவை. அந்த நாளுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, விற்கவும் கூடாது. உலக அளவில் உணவு லேபிள்களுக்கு வழிகாட்டும் கோடெக்ஸ் தரவிதி 2018-இல் திருத்தப்பட்டபோது இந்த இரண்டு வகையையும் தெளிவாகப் பிரித்து வைத்தார்கள்.

இவை போக 'செல் பை', 'டிஸ்ப்ளே அன்டில்' என்று சில பாக்கெட்டில் பார்க்கலாம். அவை கடைக்காரருக்கான குறிப்பு. எப்போது அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றனவே தவிர, சாப்பிடுகிறவருக்கு அதில் சேதி எதுவும் இல்லை. ஆனால் அதைப் பார்த்து நல்ல சாமானை வீட்டில் குப்பையில் போடுகிறவர்கள் ஏராளம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் போட்டு, வாங்குகிறவர் கண்ணில் படும்படி 'செல் பை' அச்சிடுவதை 2026 ஜூலையிலிருந்து நிறுத்தச் சொல்லியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்போ தேதி முடிஞ்ச மறுநாளே சாமான் கெட்டுப் போயிடுமா?

பெஸ்ட் பிஃபோர் என்றால் அநேகமாக இல்லை. பிஸ்கட் கொஞ்சம் நமத்திருக்கும், காபித்தூளில் மணம் குறைந்திருக்கும். உலர்ந்த பருப்பு வேக இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு உள்ளே எதுவும் திடீரென்று மாறிவிடுவதில்லை.

யூஸ் பை கதை வேறு. பச்சை இறைச்சி, மீன், குளிரில் வைத்து அப்படியே சாப்பிடும் தயார் உணவுகள் போன்றவற்றுக்குத்தான் அது வரும். "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று இவற்றை விடக் கூடாது. நாற்றம் வரவழைக்கும் கிருமி ஒன்று, நோய் தரும் கிருமி வேறொன்று. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பெட்டியின் குளிரிலும் மெல்ல வளரும், எந்த வாடையும் காட்டாது. மூக்கை நம்பலாம், ஆனால் பெஸ்ட் பிஃபோர் சாமானுக்கு மட்டும்.

பாக்கெட்ல தேதியே இல்ல, ஏதோ நம்பர் மட்டும் இருக்கு. எப்படிப் படிக்கிறது?

முதலில் அது தேதியா, லாட் எண்ணா என்று பாருங்கள். லாட் எண் என்பது எந்தத் தொகுப்பில் தயாரானது என்பதற்கான அடையாளம். கம்பெனி ஒரு தொகுப்பைத் திரும்பப் பெறச் சொன்னால் அப்போது தேவைப்படும். சில கம்பெனிகள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் போடுவார்கள். 045 என்றால் பிப்ரவரி 14. அது பெரும்பாலும் தயாரித்த நாள். முடியும் நாள் என்று நினைத்து நல்ல சரக்கைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இறக்குமதிச் சரக்கில் இன்னொரு பொறி உண்டு. 05/08 என்றால் சில நாட்டில் ஆகஸ்ட் 5, அமெரிக்காவில் மே 8. மாதத்தை எழுத்தில் போடாத பாக்கெட் வந்தால் சப்ளையரிடம் கேட்டு, பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொதுவாகக் கொள்ள வேண்டும். கோடெக்ஸ் வழிகாட்டுதல்படி மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு மாதமும் வருடமும் போதும். அதற்குள் முடிவதற்கு நாளும் மாதமும் இருந்தாக வேண்டும்.

உப்புக்கும் சர்க்கரைக்கும் தேதி போடலைன்னா தப்பா?

சாதாரண உப்பு, வெறும் சர்க்கரை, வினிகர் ஆகியவற்றை கோடெக்ஸ் விதி தேதியிலிருந்து விலக்கியிருக்கிறது. இவற்றில் கிருமி வளர்வதில்லை. அயோடின் கலந்த உப்புக்கு அந்த விலக்கு கிடையாது. உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் அதுதான் செல்லும்.

பழைய சரக்கை முன்னால வை, புதுசைப் பின்னால வைன்னு சொல்லிக் குடுத்தாங்க. அது போதாதா?

பாதி போதும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது பழைய பாடம். ஆனால் முதலில் வந்ததுதான் முதலில் முடியும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. போன வாரம் வந்த பெட்டியில் ஜூன் முடிவு இருக்கும். இந்த வாரம் ஏஜென்சிக்காரர் தன் குடோனின் மூலையில் கிடந்ததைக் கொண்டு வந்து இறக்கியிருப்பார், அதில் மே இருக்கும். வந்த வரிசையில் அடுக்கினால் மே பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஜூனில்தான் அதைக் கண்டுபிடிப்பீர்கள்.

அதனால் முதலில் முடிவது முதலில் போக வேண்டும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வந்த நாளைப் பார்க்காமல் பாக்கெட்டைப் பார்த்து அடுக்க வேண்டும். தட்டை நிரப்பும்போது இருப்பதை வெளியே எடுத்து, புதுசை உள்ளே தள்ளி, பழையதை முன்னே வைக்க வேண்டும். மேலிருந்து அப்படியே செருகுவது சீக்கிரம் முடியும்தான். அந்த ஐந்து நிமிட மிச்சத்துக்கான விலையை இரண்டு மாதம் கழித்துக் குப்பைத்தொட்டியில் பார்க்கலாம்.

வாங்க வர்றவங்க கையை உள்ள விட்டுப் புதுசைத்தான் எடுக்கிறாங்க. முன்னால வெச்சு என்ன பிரயோஜனம்?

எடுக்கத்தான் செய்வார்கள். நானும் எடுப்பேன். ஒரே விலைக்கு நான்கு நாள் தாங்கும் பால், எட்டு நாள் தாங்கும் பால் இரண்டும் இருந்தால் யார்தான் முதலாவதை எடுப்பார்? அவர்களைக் கோபித்துப் பயனில்லை.

செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, ஒரே தட்டில் இரண்டு தேதி நிற்காமல் பார்த்துக்கொள்வது. பழையது தீரும் வரை புதியது உள்ளே குளிரறையிலேயே இருக்கட்டும். தினம் விற்கும் சரக்கில் இது எளிது. இரண்டு, பழையதன் விலையைக் கொஞ்சம் குறைத்துத் தனியே வைப்பது. இன்றே சமைக்கப் போகிறவருக்கு எட்டு நாள் தேவையில்லை, குறைந்த விலை போதும். விலைக் கணக்கு கீழே வருகிறது.

ஆயிரக்கணக்குல சாமான் இருக்கு. தினமும் எல்லாத்துக்கும் தேதி பார்த்தா கடையை எப்ப நடத்துறது?

எல்லாவற்றையும் தினமும் பார்க்கச் சொல்கிறவர் கடையில் நின்றிருக்க மாட்டார். சரக்கை ஆயுளை வைத்துப் பிரியுங்கள். பால், ரொட்டி, இறைச்சி, வெட்டி வைத்த பழம் போன்றவை தினமும், கடை திறப்பதற்கு முன். தயிர், சீஸ், முட்டை, பதப்படுத்திய இறைச்சி போன்றவை வாரம் இரண்டு முறை. பிஸ்கட், சாஸ், மாவு வகை மாதம் ஒரு முறை. டப்பாவில் அடைத்தவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

இதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. நீண்ட ஆயுள் சரக்கைப் பார்க்கும்போது, அடுத்த முறை பார்ப்பதற்குள் முடியப் போவதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். அதையும் பொருள் வாரியாக எழுதாமல் தேதி வாரியாக எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பு 'செப்டம்பர் 12', அதன் கீழே அன்று முடியும் சாமான், எந்த ரேக், எத்தனை எண்ணிக்கை. செப்டம்பர் 5-ஆம் தேதி அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், கடை முழுக்கச் சுற்ற வேண்டாம். பார்க்க வேண்டிய ஆயிரம் பொருள் அன்றைக்குப் பத்தாகச் சுருங்கிவிடும். நோட்டோ, போனில் ஒரு பட்டியலோ, எதுவாக இருந்தாலும் சரி.

ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு ஆளின் பெயர் இருக்கட்டும். "எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். அப்புறம், பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கும் சாக்லேட், மசாலா ஸ்டாண்டு, கீழ்த்தட்டின் மூலை, சீசனுக்கு வைத்த தனி மேசை ஆகியவற்றை மறக்காதீர்கள். காலாவதியானது கிடைக்கும் இடம் பெரும்பாலும் இவைதான், ஏனென்றால் இவை யாருடைய ரேக்கிலும் சேராதவை.

பில் போடுற மெஷின்ல எல்லாமே இருக்கே, அதுவே சொல்லாதா?

சாதாரண பார்கோடில் தேதி கிடையாது. அந்தக் கோடுகள் 'இது இன்ன கம்பெனியின் இன்ன பொருள், இன்ன அளவு' என்பதோடு நின்றுவிடும். நேற்று வந்த பாக்கெட்டுக்கும் ஆறு மாதம் முன்பு வந்ததுக்கும் ஒரே எண்தான். அதனால் மெஷின் 40 பாக்கெட் இருக்கிறது என்று சொல்லும், அதில் எத்தனை நாளை முடிகிறது என்று சொல்லாது. சரக்கு இறங்கும்போது தேதியைத் தனியே பதிவு செய்யும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அலமாரியிலிருந்து எந்தத் தேதி விற்றது என்பது அவற்றுக்கும் தெரியாது. முதலில் முடிவதுதான் விற்றிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளும். மேலே ஒரு கேள்வியில் கையை உள்ளே விட்டவர் அந்த ஊகத்தைக் கெடுத்துவிடுவார்.

இது மாறிக்கொண்டிருக்கிறது. சதுர வடிவக் குறியீடுகளில் பொருளின் எண்ணோடு லாட் எண், முடியும் தேதி எல்லாவற்றையும் அடைக்கலாம். பார்கோடு தரவிதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 முடிவதற்குள் உலகக் கடைகளின் பில் மெஷின்கள் இவற்றைப் படிக்கத் தயாராக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அப்படி வந்தால் தேதி தாண்டிய பாக்கெட்டை மெஷினே பில் போட மறுக்கும். முடியப் போவதற்குத் தானே விலையைக் குறைக்கும். அதுவரை கண்ணும் நோட்டும்தான்.

லோடு இறங்கும்போது டிரைவர் அவசரப்படுத்துறார். அப்ப தேதி பார்க்க நேரம் எங்க இருக்கு?

அந்தப் பத்து நிமிடம்தான் தேதி விஷயத்தில் கடைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பிடி. கையெழுத்துப் போடும் வரை அது அவர் சரக்கு. போட்ட பிறகு உங்கள் தலைவலி. எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு பொருளிலும் ஒரு பெட்டி, அதுவும் மேலே இருப்பதை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒன்று.

எவ்வளவு ஆயுள் மிச்சம் இருந்தால் வாங்கலாம்? நான் வைத்திருக்கும் அளவு இது: மொத்த ஆயுளில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் கேள்வி கேட்பேன், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் திருப்பிவிடுவேன். ஆனால் விற்கும் வேகத்தையும் பார்க்க வேண்டும். இரண்டே நாளில் காலியாகும் சரக்குக்கு ஆறு நாள் மிச்சம் தாராளம். மாதத்துக்கு நான்கு விற்கும் சாஸில் ஒரு பெட்டிக்கு இருபத்து நான்கு பாட்டில் வந்தால், ஐந்து மாதம் மிச்சமிருந்தாலும் அதில் நான்கு பாட்டில் குப்பைக்குத்தான். இந்த அளவைச் சப்ளையரிடம் வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விலையை எப்ப குறைக்கணும், எவ்வளவு குறைக்கணும்?

பலர் கடைசி நாளில் குறைக்கிறார்கள். அன்றைக்குப் பாதி விலை போட்டாலும் இருபது பாக்கெட்டை வாங்க ஒரே நாளில் ஆள் வர மாட்டார்கள். எப்போது என்பதற்குத் தேதியை மட்டும் பார்க்காதீர்கள், வகுத்தல் கணக்குப் போடுங்கள். இருப்பு 20, ஒரு நாளைக்கு 3 விற்கிறது, மிச்சம் 4 நாள். நான்கு நாளில் 12 போகும், 8 நிற்கும். நிற்கும் என்று தெரிந்த அன்றே குறைக்க வேண்டும். அதே 4 நாளில் இருப்பு 10 என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், தானாகப் போய்விடும்.

எவ்வளவு என்பதற்கும் அதே கணக்கு. முழு விலையை 100 என்று வையுங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் 12 பாக்கெட்டுக்கு 1,200 வரும், 8 குப்பைக்குப் போகும். கால் பங்கு குறைத்து 75-க்கு இருபதும் விற்றால் 1,500. இன்னும் சொல்லப்போனால் 60 வரை இறங்கினாலும் அதே 1,200 வந்துவிடும், குப்பையும் இருக்காது. இங்கே கடைக்காரர் உடனே "ஆனால் நான் வாங்கியதே 80-க்கு" என்பார். வாங்கிய பணம் போய்விட்டது. இப்போதைய கேள்வி எவ்வளவு திரும்ப வரும் என்பதுதான்.

ஒரே வெட்டாக வெட்டுவதைவிட இரண்டு படியாக இறக்குவது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. முதலில் சிறிதாக, இரண்டு நாள் கழித்தும் நின்றால் பெரிதாக. ஸ்டிக்கரில் புது விலையோடு தேதியையும் தெரியும்படி எழுதுங்கள். ஸ்டிக்கரைத் தேதி மேலேயே ஒட்டி மறைக்கிற கடைகள் இருக்கின்றன. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யாவிட்டாலும் வாங்குகிறவருக்கு அப்படித்தான் தெரியும்.

இப்படிக் குறைச்சுக்கிட்டே இருந்தா யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டாங்களே?

தினமும் மாலை ஆறு மணிக்கு எல்லாம் பாதி விலை என்று பழக்கினால் ஆறு மணிக்குத்தான் வருவார்கள், அது உண்மை. அதனால் நேரத்தை வைத்துக் குறைக்காமல் மேலே சொன்ன கணக்கை வைத்துக் குறையுங்கள். ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அதற்குமேல், தினமும் குறைக்க வேண்டிய நிலை வருகிறது என்றால் விலையில் கோளாறு இல்லை, ஆர்டரில் கோளாறு. அதற்குக் கீழே வருகிறேன்.

கூலர் ராத்திரி நின்னு போச்சு. பாக்கெட்ல தேதி இன்னும் இருக்கு. விக்கலாமா?

பாக்கெட்டில் உள்ள தேதிக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்: 'இன்ன குளிரில் வைத்தால்'. குளிர் போனால் தேதியும் போயிற்று. குளிர்ந்த உணவுக்குப் பொதுவாக 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 5-க்கும் 60-க்கும் இடைப்பட்ட சூடு கிருமிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி.

வீட்டுக் குளிர்பெட்டி, கதவைத் திறக்காமல் இருந்தால், மின்சாரம் போன பிறகு சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். முழுக்க நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம். இது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. கடையில் இருக்கும் முன்பக்கம் திறந்த கூலருக்கு இந்தச் சலுகை கிடையாது, அது வேகமாகச் சூடாகும். எத்தனை மணி நேரம் நின்றது என்று தெரியாவிட்டால் இறைச்சி, மீன், பால், தயார் உணவு எதையும் விற்காதீர்கள். தெரிந்துகொள்ள ஒரே வழி வெப்பமானி வைத்துக் காலை, மதியம், இரவு எழுதி வைப்பது. விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது என்பதால் உள்ளே குளிர்கிறது என்று அர்த்தமில்லை. நான் வேலை பார்த்த ஒரு கடையில் மூன்று வாரம் தயிர் சீக்கிரமே புளிக்கிறது என்று கம்பெனியோடு சண்டை போட்டோம். கடைசியில் பார்த்தால் எங்கள் கூலரின் காற்று வரும் வழியை அட்டைப் பெட்டியால் அடைத்து வைத்திருந்தோம்.

காய்கறி பழத்துல தேதியே இல்லையே, அதுக்கு என்ன பண்றது?

தேதி இல்லாதது நல்லதே. வெட்டாத பழம், காய்க்குக் கோடெக்ஸ் விதியிலும் தேதி கட்டாயமில்லை. கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கடைக்காரர் தனக்காக, வந்த நாளைக் கூடையின் ஓரத்தில் எழுதி வைத்தால் போதும்.

யாரோடு யாரை வைக்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகிவிடும், வெள்ளரி சீக்கிரம் வாடும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் கொட்டாதீர்கள். கூடையில் அழுகியது ஒன்று இருந்தாலும் காலையிலேயே பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மலை மாதிரி குவித்தால் அழகாக இருக்கும், ஆனால் அடியில் இருப்பது நசுங்கும்.

முடியறதுக்கு முதல் நாள் ஃப்ரீசர்ல போட்டா தப்பிச்சிடலாமா?

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். உறைய வைப்பது கிருமியைக் கொல்லாது, வளர்ச்சியை நிறுத்தி வைக்கும். அதனால் முடிவதற்கு முன்னால் போட வேண்டும், வெளியே எடுத்த பிறகு சீக்கிரம் சமைத்துவிட வேண்டும்.

கடையில் அப்படியே செய்துவிட முடியாது. குளிர்ந்த சரக்கு என்று வாங்கியதை உறைந்த சரக்காக மாற்றி விற்பது பல நாடுகளில் தனி விதிக்குள் வரும். என்றைக்கு உறைய வைத்தது என்று லேபிள் வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பெரிய மூட்டையைப் பிரிச்சு சின்ன பாக்கெட்டா கட்டுறோம். எந்தத் தேதி போடறது?

மூட்டையில் இருந்த தேதியைத் தாண்டி ஒரு நாள்கூடப் போட முடியாது. கட்டிய நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குவது பெரிய தப்பு, ஆனால் சர்வசாதாரணமாக நடக்கிறது. திறந்ததும் காற்றும் ஈரமும் படுவதால் பல பொருளுக்கு ஆயுள் குறையத்தான் செய்யும். சீஸை வெட்டிக் கட்டினால் கம்பெனித் தேதி செல்லாது, சில நாள்தான். மூட்டையின் லாட் எண்ணையும் பாக்கெட்டில் எழுதுங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் அப்போதுதான் தேட முடியும்.

பெஸ்ட் பிஃபோர் தாண்டினதை விக்கலாமா? தரம்தானே, பாதுகாப்பு இல்லைன்னு சொன்னீங்களே.

சொன்னேன். ஆனால் விற்கலாமா என்பதைச் சட்டம்தான் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தில் யூஸ் பை தாண்டிய உணவைப் பாதுகாப்பற்றதாகவே 1169/2011 ஒழுங்குவிதி கருதுகிறது. பெஸ்ட் பிஃபோர் தாண்டியதற்கு அந்த முத்திரை இல்லை. அங்கே பல நாடுகளில், பொருள் நன்றாக இருந்தால், தேதி தாண்டியது என்று தெளிவாகச் சொல்லி விற்க முடியும். வேறு பல நாடுகளில் எந்தத் தேதி தாண்டினாலும் அலமாரியில் இருப்பதே குற்றம். நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டால் வாழ்நாள் சந்தேகம் தீரும். பச்சைக் குழந்தைக்கான பால்மாவுக்கு மட்டும் எங்கும் எந்த வாதமும் வேண்டாம். சத்து அளவு சொன்னபடி இருப்பது அந்தத் தேதி வரைதான். மற்ற உணவுகளில் தேதியைக் கட்டாயமாக்காத அமெரிக்க மத்தியச் சட்டம்கூட இதற்கு மட்டும் கட்டாயமாக்கியிருக்கிறது.

தானமா குடுக்கலாம்தான். நாளைக்கு யாருக்காவது வயித்து வலின்னா நம்ம தலையில விழாதா?

இந்தப் பயத்தால்தான் நல்ல உணவு குப்பைக்குப் போகிறது. இதைப் புரிந்துகொண்டு சில நாடுகள் சட்டமே போட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1996-இல் வந்த பில் எமர்சன் சட்டம், நல்லெண்ணத்தோடு தானம் செய்தவரை வழக்கிலிருந்து காக்கிறது. மோசமான அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்த தவறுக்கும் மட்டும் பாதுகாப்பு இல்லை. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2016 பிப்ரவரியில் வந்த சட்டப்படி, 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் உண்ணத் தகுந்த உணவை வேண்டுமென்றே பாழாக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டும்.

நடைமுறையில் ஒரே விதி: நீங்கள் விற்கத் தயங்குவதைத் தானம் செய்யாதீர்கள். கடைசி நாள் மாலையில் போன் போட்டால் அவர்களுக்கும் உதவாது. இரண்டு நாள் மிச்சமிருக்கும்போதே எடுத்துப் போகச் சொல்லுங்கள், கொடுத்ததன் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ச் சரக்கு என்றால் அவர்கள் எதில் எடுத்துப் போகிறார்கள் என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

குப்பைல போடறதுக்கு எதுக்குக் கணக்கு?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள். பொருள், எண்ணிக்கை, காரணம் என்று மூன்று கட்டம் போதும். காரணத்தில் 'காலாவதி' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் தெரியாது. அதிகம் வாங்கியதா, குறைந்த தேதியில் வந்ததா, பின்னால் மறைந்து கிடந்ததா, கூலர் கோளாறா, ஆஃபர் முடிந்து மிஞ்சியதா என்று எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதினால் பத்துப் பொருள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். மறைந்து கிடந்ததால் போனதைவிட, ஆரம்பத்திலேயே அதிகம் வாங்கியதால் போனதுதான் அதிகம் இருக்கும். நான் எழுதிய நோட்டுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் வந்தது. இவ்வளவு நேரம் அடுக்குவது, பார்ப்பது, குறைப்பது என்று பேசினோமே, அதெல்லாம் ஆர்டரில் செய்த தப்புக்குப் பின்னாடி ஓடுவதுதான்.

எழுதுகிறவரைத் திட்டாதீர்கள். ஒரு தடவை திட்டினால் அடுத்த நாளிலிருந்து நோட்டு சுத்தமாக இருக்கும், தொட்டி நிறைந்திருக்கும்.

ஆர்டரைக் குறைச்சா ரேக் காலியாத் தெரியும். வர்றவங்க கடை படுத்துடுச்சுன்னு நினைப்பாங்களே?

நியாயமான பயம். ஆனால் நிறைந்து தெரிவதும் நிறைய இருப்பதும் வேறு வேறு. தட்டின் ஆழத்தைப் பின்னால் ஒரு பலகை வைத்துக் குறைத்துவிட்டால் ஆறு பாட்டில் பன்னிரண்டு மாதிரி நிற்கும். மெதுவாக விற்கும் பொருளுக்கு இரண்டு வரிசைக்குப் பதில் ஒரு வரிசை கொடுங்கள். ஒரே பொருளில் ஏழு கம்பெனி இருந்தால், நோட்டைப் பார்த்து, அதிகம் வீணாகும் இரண்டை நிறுத்துங்கள். அடுத்து, சின்னப் பெட்டியாக, அடிக்கடி தரச் சொல்லிக் கேளுங்கள். வாரம் ஒரு தடவை வருகிற லோடு இரண்டு தடவை வந்தால் குடோனில் கிடக்கும் சரக்கு ஏறக்குறைய பாதியாகும்.

ரொட்டி மாதிரி ஒரு நாள் சரக்கில் மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். இரவு மூடும்போதும் தட்டு நிறைந்திருந்தால், நிறைந்திருந்த அத்தனையும் மறுநாள் குப்பை. கடைசி ஒரு மணி நேரம் காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சேல்ஸ்மேன் பத்துப் பெட்டி எடுத்தா ரெண்டு இலவசம்ங்கிறார். வேண்டாம்னு சொல்ல முடியுமா?

மாதக் கடைசியில் அவருக்கு இலக்கு முடிக்க வேண்டும், அதற்காக உங்கள் தலையில் கட்டுகிறார். முதலில் அந்தப் பன்னிரண்டு பெட்டியின் தேதியைக் கேளுங்கள். பிறகு விலை குறைப்புக்குச் சொன்ன அதே வகுத்தல்: பன்னிரண்டு பெட்டி, உங்கள் வேகத்தில், தேதிக்குள் தீருமா? பன்னிரண்டில் மூன்று குப்பைக்குப் போனால் இரண்டு இலவசத்தால் லாபம் எங்கே? விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று சொன்னால் எந்தத் தேதிக்குள், எந்த நிலையில் என்று எழுதி வாங்குங்கள். திரும்ப எடுத்ததும் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது, வேறொருவர் தொட்டியில். பணம் மிச்சமாகலாம், உணவு மிச்சமாகவில்லை.

உண்மையில கடைல வீணாகறது கொஞ்சம்தானே? வீட்டுலதானே அதிகம் போடறாங்க?

எண்ணிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் வீடுகளின் பங்கு 63 கோடி டன்னுக்கு மேல், உணவகம் போன்ற இடங்கள் 29 கோடி, சில்லறைக் கடைகள் சுமார் 13 கோடி. அதாவது எட்டில் ஒரு பங்கு. 2030-க்குள் கடை, வீடு இரண்டிலும் தலைக்கு வீணாவதைப் பாதியாக்க வேண்டும் என்பது ஐநாவின் இலக்கு.

ஆனால் வீட்டில் வீணாவதில் கடைக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. நாளை முடியும் தயிரை 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கொடுத்தால், இரண்டாவது டப்பா உங்கள் தொட்டியிலிருந்து அவர் தொட்டிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். குறைந்த தேதிச் சரக்குக்கு ஒன்றின் விலையைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். யாராவது கேட்டால் முதல் கேள்விக்கான பதிலை இரண்டு வரியில் சொல்லுங்கள். அலமாரியில் ஒரு அட்டையாக ஒட்டினால் இன்னும் நல்லது.

முதலாளி பழைய தேதியை அழிச்சுட்டுப் புது ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றார். வேலையும் வேணும். என்ன பண்றது?

ஒட்டாதீர்கள். விலையைக் குறைப்பதும் தேதியை மாற்றுவதும் ஒன்றல்ல. முதலாவது வியாபாரம், இரண்டாவது குற்றம், ஒட்டிய கைக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கும் ஒரு கடையில் இந்த நிலை வந்தது. நேராக "முடியாது" என்று சொல்ல அப்போது தைரியம் இல்லை. அந்தப் பெட்டியால் எவ்வளவு நஷ்டம், தேதி மாற்றியது தெரிந்தால் எவ்வளவு அபராதம், இரண்டையும் ஒரே தாளில் எழுதி மேசையில் வைத்தேன். முறைத்தார், ஆனால் விட்டுவிட்டார்.

எல்லா முதலாளியும் தாளைப் பார்த்து இறங்கி வர மாட்டார்கள். அப்படியானால் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்க வழி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே செய்யக்கூடியது, அந்தச் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கி, பெட்டியில் 'விற்பனைக்கு அல்ல' என்று பெரிதாக எழுதி, எண்ணிக்கையை நோட்டில் ஏற்றிக் கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுவது.